ஏழாம் நம்பர் அறையும் மரியாதை அண்ணன் காலும்

மதுரைக்கு மரியாதை என்ற சரக்கு மொத்தமாக வந்து இறங்கியது ஒரே ஒரு ஆளிடம்தான். ஊரில் மற்றவர்கள் வைத்திருந்ததெல்லாம் அவர் பார்த்துக் கொடுத்த சில்லறை.

தெற்கு மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், எண்பதுகளின் தொடக்கத்தில் நான் குடியிருந்த லாட்ஜுக்கு அவர்தான் மேனேஜர். நான் அப்போது ஒரு வங்கியில் குமாஸ்தா. என்னைப் போலக் கல்யாணமாகாத பதினெட்டுப் பேர் அந்தக் கட்டடத்தில் அடைந்து கிடந்தோம். ரேஷன் கார்டில் அவருக்கு நிச்சயம் ஒரு பெயர் இருந்திருக்கும். நாங்கள் நேரில் 'அண்ணே' என்போம், அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் 'மரியாதை' என்போம்.

சந்தில் திரியும் செவலை நாய் வாசற்படியில் படுத்திருந்தால், "கொஞ்சம் அங்கிட்டு நகந்து படுக்குறீங்களா?" என்று கேட்பார். நாயும் எழுந்து நகர்ந்துவிடும். அதற்கும் பாவம், வேறு யார் அப்படிக் கேட்டிருக்கிறார்கள்? ஒருமுறை பக்கத்து வீட்டு ஆடு உள்ளே வந்து மேஜைமேல் இருந்த பேப்பரைத் தின்ன ஆரம்பித்தது. "ஐயா, அது இன்னும் படிக்காத பேப்பருங்க" என்று கெஞ்சிக்கொண்டே பின்னால் போனாரே தவிர, கையை ஓங்கவில்லை. ஆடு தலையங்கம் வரை முடித்துவிட்டுத்தான் போயிற்று.

டெலிபோன் மணி அடித்தால் எழுந்து நிற்பார். மறுமுனையில் பேசுகிறவர் வயதானவர் என்று குரலில் தெரிந்தால், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவார். மிகவும் வயதானவர் என்றால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்குப் போகும். மறுமுனைக்காரருக்கு இதெல்லாம் தெரியாதே என்று நான் ஒருநாள் சொன்னேன். "எனக்குத் தெரியும்ல தம்பி" என்றார்.

கொடுக்கிற ஆள் கேட்கவும் செய்வார் அல்லவா? அவர் முன்னால் யாரும் கால்மேல் கால் போட முடியாது, காலை நீட்ட முடியாது, பெஞ்சில் காலைத் தூக்கி வைக்க முடியாது. "காலைக் கீழ போடுங்க!" என்று ஒரு சத்தம் வரும். மாடியில் கட்டிலில் படுத்திருப்பவன்கூடப் பதறி எழுந்து உட்காருவான். ஒரு சப் இன்ஸ்பெக்டர் ஏதோ விசாரணைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து கால்மேல் கால் போட்டார். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "விசாரிங்க சார், தாராளமா விசாரிங்க. காலைக் கீழ போட்டுட்டு விசாரிங்க" என்றார். அந்த மனிதர் காலைக் கீழே போட்டார். ஆனால் எதை விசாரிக்க வந்தோம் என்பது அவருக்கு மறந்துபோய்விட்டது. ஒரு காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

இப்படிப்பட்டவருக்குப் போய் வியாதி காலில்தான் வந்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. மாசி வீதியில் நடக்கும்போது அடிக்கடி நின்று, எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி, "மொதல்ல நீங்க போங்க" என்று வழிவிடுவார். ரிக்‌ஷாவுக்கு வழிவிட்டார், கைவண்டிக்கு வழிவிட்டார். ஒருநாள் ஆளே வராத சந்தில் நின்று வழிவிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. நூறு தப்படி நடந்தால் அவருடைய இடது கெண்டைக்கால் பிடித்து இழுத்திருக்கிறது. நின்றால் சரியாகிவிடும். வலிக்கிறது என்று சொல்லப் பிடிக்காமல், ஒரு வருஷமாக ஊருக்கே வழிவிட்டு வந்திருக்கிறார் மனிதர்.

பிறகு பெருவிரல் கறுத்தது. அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அக்காவும் நானும் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம். மெட்ராஸில் படித்துவிட்டு வந்திருந்த இளம் டாக்டர் ஒருவர் பார்த்தார்.

"பீடி பிடிப்பீங்களா?"

"பெரிய படிப்புப் படிச்சவுக. உங்க முன்னாடி வச்சு அந்தப் பேச்ச எப்படிப் பேசுறது?"

"நான் பிடிக்கச் சொல்லலைங்க. எத்தனைன்னு கேட்டேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். அக்காதான் சொன்னது. "ஒரு நாளைக்கு மூணு கட்டு, டாக்டர். பெரியவுக யாரும் பாத்துறக் கூடாதுன்னு மாடிப்படிக்கு அடியில ஒளிஞ்சு நின்னு பிடிப்பாக. அம்புட்டுப் புகையும் எங்க அடுப்படிக்குத்தான் வரும்."

காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, பைபாஸ் ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் தங்காது என்றார் டாக்டர். செய்தார்கள். தொடையிலிருந்தே ஒரு குழாயை எடுத்து அடைப்புக்கு மேலும் கீழும் வைத்துத் தைத்தார்கள். இவர் படுக்கையில் இருந்தபடியே பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார்: "சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதிய அடைச்சுட்டு பஸ்ஸ வெளி வீதி வழியா திருப்பி விடுவாகள்ல? அதேதான். நம்ம காலுக்குள்ள இப்ப திருவிழா நடக்குது."

பீடியை அன்றோடு விட்டார். விரலும் தேறியது. வீட்டுக்கு வந்த நாலாம் நாள் கால் வீங்க ஆரம்பித்தது.

டாக்டர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். வடைக்கு ஓட்டை போட்டது போலக் குழி அப்படியே நின்றது.

"பயப்படாதீங்க ஐயா. இத்தனை நாள் ரத்தமில்லாம கெடந்த கால். இப்ப திடீர்னு பாயுது, கொஞ்ச நாளைக்கு வீங்கத்தான் செய்யும். காலையில எந்திரிச்சதும் பேண்டேஜ் சுத்திக்கங்க, ரொம்ப இறுக்க வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமா நடங்க. மத்த நேரமெல்லாம் படுத்து, காலை நெஞ்சுக்கு மேல தூக்கி வச்சுக்கங்க. தொங்கப் போடவே கூடாது."

"நெஞ்சுக்கு மேலயா?"

"ஆமா."

"அப்ப வார ஆளுக மூஞ்சிக்கு நேரா காலைக் காட்டுனாப்ல ஆயிருமே சார்?"

"ஆகட்டும். வீக்கம் வடியணும்ல?"

மரியாதை அண்ணன் என்னைப் பார்த்தார். அப்பேர்ப்பட்ட படிப்புப் படித்தவர் இப்படிப் பேசலாமா என்று அந்தப் பார்வை கேட்டது.

அலுவலக அறைக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவர்களுடைய வீடு. அக்கா மூன்று தலையணைகளை அடுக்கி, காலைத் தூக்கி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போகும். தபால்காரர் வருவார். கால் இறங்கும். பால்காரம்மா வருவார். கால் இறங்கும். மாடியிலிருந்து எவனாவது சோப்பு டப்பாவோடு குளிக்கப் போவான். "வாங்க தம்பி" என்று கால் இறங்கும். ஒருநாள் பூனை உள்ளே வந்ததற்கும் இறங்கியதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். அந்தக் கால் ஏறி இறங்கிய தூரத்தைச் சேர்த்து வைத்திருந்தால் அழகர் மலைக்கு நாலு தடவை போய்வந்திருக்கலாம்.

பேண்டேஜ் சுற்றுவது என் பொறுப்பாயிற்று. பாதத்திலிருந்து முழங்கால் வரை இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் என் கையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க தம்பி, காலைப் பிடிக்க வச்சுட்டேன்" என்பார். இருபது சுற்றுக்கு இருபது மன்னிப்பு. நடுவில் கணக்குத் தவறினால் பேண்டேஜை அவிழ்த்து முதலிலிருந்து சுற்ற வேண்டியிருக்கும்.

நாலாம் நம்பர் அறையில் ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தார். பெரிய தையல் கடையில் வேலை. அவர் தினமும் சாயங்காலம் இஞ்சு டேப்போடு வந்து வீக்கத்தை அளந்து சொல்வார். "கணுக்கால் பத்தே முக்கால்... பதினொண்ணு... பதினொண்ணே கால்." பதினொன்றரையைத் தொட்ட அன்று டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அண்ணே, இனி உங்களுக்குப் பெல்பாட்டம்தான் தைக்க முடியும்" என்றார். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. தையல் போட்ட இடத்தில் நீர் கசிந்து பேண்டேஜ் நனைந்திருப்பதை அது முதலிலேயே பார்த்துவிட்டிருந்தது.

மறுநாள் டாக்டர் சத்தம் போட்டார். "காலைத் தூக்கி வைக்கிறீங்களா இல்லையா? தையல் பிரிஞ்சு புண்ணாச்சுன்னா உள்ள வச்ச குழாய்க்கே ஆபத்து. அப்புறம் என்னால காலைக் காப்பாத்த முடியாது. முழங்காலுக்கு மேல எடுக்க வேண்டி வரும்." அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய் நின்றது. மரியாதை அண்ணன் மட்டும் எழுந்து நின்று கும்பிட்டு, "உங்க பேச்சுக்கு மறுபேச்சு இல்லைங்க" என்றார். வீட்டுக்கு வந்ததும் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏண்ணே, வீம்பா?" என்று கத்தினேன்.

"வீம்பு இல்ல தம்பி. ஆளுக வந்தாக் கண்ண மூடிக்கிறலாம். சாமிக்கு என்ன சொல்றது? இத்தன வருசமும் காலை மடக்கித்தான் படுத்திருக்கேன். எந்தப் பக்கம் நீட்டச் சொல்றீங்க, சொல்லுங்க."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. கட்டிங் மாஸ்டர் தையல் சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே மதுரையை வரைந்தார். கிழக்கே நீட்டினால் தெப்பக்குளத்து மாரியம்மன். மேற்கே நீட்டினால் கூடலழகர். வடக்கே மீனாட்சி, கேட்கவே வேண்டாம். தெற்கே திருப்பரங்குன்றத்து முருகன், அதோடு அப்படிப் படுத்தால் தலை வடக்கே போய்விடும். எங்கள் ஊரில் இதுதான் சங்கடம். எந்தப் பக்கம் காலை நீட்டினாலும் ஒரு கோயிலில் போய் இடிக்கும்.

கட்டிங் மாஸ்டர் சாக்பீஸைத் தென்கிழக்கில் ஓட்டி, "இந்தா இருக்கு! இங்கிட்டு மஹால்தான் இருக்கு. சாமி கெடையாது" என்றார்.

"திருமலை நாயக்கருக்கா காலைக் காட்டச் சொல்றீங்க?"

"அவர் எங்கண்ணே இப்ப இருக்காரு? சாயங்காலமானா லைட்டைப் போட்டு அவர் கதையச் சொல்றாங்க, அம்புட்டுத்தான்."

"கதை சொல்றாங்கள்ல? அந்தக் கதைக்குள்ள ராஜா இருக்காருல்ல?"

மாஸ்டர் சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டது. கீழே போனால், மரியாதை அண்ணன் சலவைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதி வைத்து, கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பெண் கேட்க வந்தவர் மாதிரி இருந்தது. துண்டின் முனையைத் திருகினார், தொண்டையைச் செருமினார்.

"தம்பி, இந்தத் தலையணைமேல காலை வச்சா அது பாக்குற கோடு நேரா மச்சுல முட்டுது. மாஸ்டர வச்சு டேப்புப் பிடிச்சுப் பாத்துட்டேன். அதுக்கு மேல உங்க ஏழாம் நம்பர் ரூமு. உங்க கட்டிலுக்குத்தான் வருது."

"சரிண்ணே."

"வடக்குதான். மீனாட்சி ஆத்தா இருக்க தெசைதான். ஆனா நடுவுல நீங்க இருக்கீங்க. காலு உங்களோட நின்னுரும், அதுக்கு மேல போகாது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துப் பேசினார்.

"பெத்த புள்ளை பக்கம் காலை நீட்டுனாத் தோசமில்லம்பாக. எங்களுக்குத்தான் அந்தக் குடுப்பினை இல்ல. நீங்க தப்பா நெனைக்கலேன்னா..."

அடுப்படிப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "நீட்டுங்கண்ணே" என்றேன்.

கால் ஏறியது. அதோடு என் வாழ்க்கை தலைகீழாயிற்று. ஏனென்றால் அவர் அதற்கு ஒரு சட்டம் வைத்தார்: நான் மேலே அறையில் இருந்தால்தான் காலை நீட்டுவார். நான் வெளியே போனால் நடுவில் ஆள் இல்லை, கால் நேராக மீனாட்சி அம்மனிடம் போய்விடும், ஆகவே இறக்கிவிடுவார். சாயங்காலம் வங்கியிலிருந்து வரும் வழியில் யாரோடாவது நின்று பேசினால் லாட்ஜ்காரப் பயல் எவனாவது வந்து தோளைத் தட்டுவான். "மாப்ள, இங்க என்னடா பேச்சு? அங்க அண்ணன் காலு தொங்குது. ஓடுறா ரூமுக்கு!" டவுன்ஹால் ரோட்டில் நான் வேகமாக நடந்தால் கடைக்காரர்களுக்கே தெரியும், எங்கோ ஒரு கால் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று.

போதாதென்று பதினைந்து நாள் லீவும் போட்டேன். விண்ணப்பத்தில் காரணம் 'கால் வீக்கம்' என்று எழுதினேன். யாருடைய கால் என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.

பகலெல்லாம் கட்டிலில் கிடந்தேன். நான் அந்தக் கட்டிலில் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான், ஒரு பெரிய கோயிலுக்கும் ஒரு காலுக்கும் நடுவில் இருந்தது. பட்டப்படிப்புப் படித்தவனுக்கு இது தேவையா என்று தோன்றும். கீழேயிருந்து அவ்வப்போது குரல் வரும். "தம்பி, இருக்கீங்களா?" "இருக்கேண்ணே." "நீட்டிக்கிறேன்." "நீட்டுங்க." டாக்டர் நடக்கச் சொன்ன நேரத்துக்கு மட்டும் எனக்கு விடுதலை. அவர் எழுந்து கூடத்தில் பத்துச் சுற்று நடக்கும்போது நான் ஓடிப்போய் ஒரு டீ குடித்துவிட்டு ஓடிவருவேன்.

டேப்பில் அளவு இறங்கத் தொடங்கியது. பதினொன்றேகால், பதினொன்று, பத்தரை. தையல் காய்ந்தது. டாக்டர் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்த கையோடு நிரம்பியது. "என்ன பண்ணுனீங்க ஐயா?" என்று அவர் ஆச்சரியப்பட்டார். "நான் ஒண்ணும் பண்ணலைங்க. தம்பிதான் படுத்துக் கெடந்தாரு" என்றார் இவர். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

லீவு முடிய இரண்டு நாள் இருந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. மத்தியானம் அவர் குறட்டை விட்ட நேரம் பார்த்து, பின்பக்கப் படி வழியாகப் பூனை மாதிரி இறங்கி மேட்னி ஷோ பார்க்கப் போனேன். படம் ஓடிய மூன்று மணி நேரமும் கதாநாயகன் முகத்துக்குப் பதில் ஒரு பாதம்தான் திரையில் தெரிந்தது. இடைவேளையிலேயே எழுந்து வந்திருக்கலாம். முறுக்கு வாங்கிவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் கால் தலையணைமேல் அப்படியே இருந்தது. அவர் விழித்துக்கொண்டுதான் இருந்தார். மூன்று மணி நேரம் அந்தக் கால், தடுக்க ஆளில்லாமல், அம்மனைப் பார்த்து நீண்டிருக்கிறது. சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, நான் மேல இல்ல. சினிமாவுக்குப் போயிட்டேன்."

"தெரியும் தம்பி. ரெண்டு மணிக்கு முழிச்சுட்டேன். மச்சுல சத்தத்தக் காணோம்."

"அப்ப ஏண்ணே எறக்கல?"

அவர் பாதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எறக்கலாம்னுதான் எந்திரிச்சேன். எறக்குனா நீங்க வந்து பாப்பீங்க. நம்மளால அண்ணனுக்குக் காலு தொங்குச்சேன்னு மனசுக்கு வெசனமா இருக்கும். போகட்டும், ஆத்தாகிட்ட நாம பேசிக்கிறலாம்னு விட்டுட்டேன். படம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இல்லண்ணே."

"அடடா. அதுக்கா போனீங்க" என்று நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மேலும் ஒரு மாதம் கழித்து, வீக்கம் முழுவதும் வடிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம், வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டு, "வாங்க தம்பி, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்" என்றார். தெற்கு மாசி வீதியில் ஏறி, ஆவணி மூல வீதியைத் தாண்டி, தெற்குக் கோபுரம் வரை ஒரே நடை. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. எதிரே ஒரு கைவண்டி வந்தது. அதற்கும் வழிவிடாமல் நடந்தார். வண்டிக்காரர்தான் ஒதுங்கினார். நான் அவருடைய கால்களையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். இரண்டும் இருந்தன.

சந்நிதியில் கூட்டம். அவர் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டி, கையைத் தலைக்கு மேலே குவித்தார். சத்தமாகத்தான் வேண்டிக்கொண்டார். பக்கத்தில் நான் நிற்பதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"ஆத்தா, ரெண்டு மாசமா ஒன் பக்கம் காலை நீட்டிக் கெடந்துட்டேன். தப்புத்தான். அதுக்கு என்ன குடுக்கணுமோ எனக்குக் குடு, வாங்கிக்கிறேன். நடுவுல படுத்துக் கெடந்தது எம்மகன். அவன் வெவரமில்லாத பய, நான் சொன்னேன்னு படுத்துக் கெடந்தான். அவனுக்கு ஒரு கொறையும் வச்சுராத தாயே."

அப்போது என் சொந்த அப்பாவும் அம்மாவும் திண்டுக்கல்லில் சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். இருந்தாலும் நான் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதுவிட்டுத்தான் வந்தேன். அந்த மனிதர் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் என்று அதுவரை எனக்கே தெரியாது.